அலரி என்னும் பெயர்

கொழும்பில், கொள்ளுப்பிட்டியில், காலி வீதியை ஒட்டி இலங்கைப் பிரதமரின் அதிகாரபூர்வ இல்லம் இருக்கிறது. தமிழ்ச் செய்திகளில் அதற்கு ‘அலரி மாளிகை’ என்று பெயர். தமிழ்நாட்டில் அந்தச் செய்தியைப் படிப்பவருக்கு உடனே செவ்வரளிச் செடிதான் நினைவுக்கு வரும். அலரியும் அரளியும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள் என்று அறிந்தவருக்கு வியப்பு இன்னும் கூடும். வேரிலிருந்து பூவரை நஞ்சாக இருக்கும் ஒரு செடியின் பெயரையா நாட்டை ஆள்பவரின் வீட்டுக்கு வைத்தார்கள்?

வைத்தது அந்தச் செடியின் பெயர் அல்ல. ஆங்கிலத்தில் அந்த வீட்டுக்கு ‘டெம்பிள் ட்ரீஸ்’ என்று பெயர். சிங்களத்தில் ‘அரலிய கஹ மந்திரய’. சிங்களவர் ‘அரலிய’ என்பது, தடித்த ஐந்து இதழும் நடுவில் மஞ்சள் சாயலும் கொண்ட வெள்ளைப் பூ. விகாரைகளில் புத்தருக்குத் தட்டில் பரப்பி வைக்கும் பூ அதுதான். தாவர நூல்கள் அதைப் புளுமேரியா என்கின்றன. நம்முடைய செவ்வரளிக்குச் சிங்களத்தில் வேறு பெயர் உண்டு: கனேரு. தமிழ் அலரி, சிங்களத்தில் அரலியவாகி இன்னொரு மரத்தின் மேல் உட்கார்ந்தது. பிறகு அந்த அரலியவைத் தமிழாக்கியபோது மறுபடியும் அலரி ஆயிற்று. பெயர் ஒரு வட்டம் சுற்றி வந்துவிட்டது. செடி மட்டும் மாறிவிட்டது.

இந்தச் சொல் இப்படிச் செடி விட்டுச் செடி தாவியது தற்செயல் அல்ல என்பது என் எண்ணம். தாவுவதற்கான இடம் அந்தப் பெயரின் பொருளிலேயே இருக்கிறது.

அலர்தல் என்றால் மலர்தல், விரிதல். மொட்டாக இருந்தது இதழ் பிரிந்து வெளிப்படுவது அலர்தல். அகப்பாடல்களில் தலைவன் தலைவியின் மறைவான உறவு ஊர் வாயில் வெளிப்பட்டுப் பரவுவதற்கும் அலர் என்றே பெயர். அதுவரை சிலர் முணுமுணுத்த மொட்டு ‘அம்பல்’. எல்லாரும் பேசும் மலர் ‘அலர்’. அந்த வினையோடு இகரம் சேர்ந்து அலரி ஆகிறது. சங்கப் பாடல்களில் அலரி என்று வரும் இடங்களில் பெரும்பாலும் எந்தத் தனிச்செடியும் குறிக்கப்படவில்லை. மலர்ந்த பூ எதுவானாலும் அலரிதான். நிகண்டுகள் அலரிக்குக் கதிரவன் என்றும் ஒரு பொருள் தருகின்றன. விடியலில் விரிபவன் என்று கொண்டாலும், தாமரையை விரிப்பவன் என்று கொண்டாலும் வேர் அதே அலர்தல்தான்.

பொதுவாகப் பூவைக் குறித்த சொல் பிறகு ஒரே ஒரு செடிக்கு உரிமையாயிற்று. ஏன் இந்தச் செடிக்கு? அதைப் பயிரிட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அரளிக்கு இதுதான் பருவம் என்று ஒன்று கிடையாது. மழை பெய்தாலும் பொய்த்தாலும், சித்திரை வெயிலில் மற்றச் செடிகள் இலை சுருண்டு நின்றாலும், கிளை நுனியில் கொத்துக் கொத்தாகப் பூத்துக்கொண்டே இருக்கும். இலையும் உதிர்ந்து மொட்டையாவதில்லை. ஆண்டு முழுவதும் அலர்ந்து நிற்பதற்கு ‘அலரி’ என்று பெயர் வைத்தவர்கள் செடியைச் சரியாகப் பார்த்தவர்கள்.

அலரி எப்படி அரளி ஆயிற்று என்பது அடுத்த கேள்வி. அரளியைக் கொச்சை என்றும் அலரியே திருத்தமான வடிவம் என்றும் சொல்லும் பழக்கம் நம்மிடையே உண்டு. அலரி மூத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அரளியைக் கொச்சை என்று தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு சொல்லுக்குள் எழுத்துகள் இடம் மாறி நிற்பது தமிழின் பழைய வழக்கம். தசை சதையாகிறது, சிவிறி விசிறியாகிறது, மிஞிறு ஞிமிறாகிறது. பேச்சில் குதிரை குருதையாகவும் மதுரை மருதையாகவும் ஒலிப்பதை இன்றும் கேட்கலாம். இதே ரகரமும் ளகரமும் ஒன்றுக்கொன்று இடம் கொடுத்த சொல்லும் நம்மிடம் இருக்கிறது: நாளிகேரம், நாரிகேளம். இரண்டையும் புலவர்கள் குறையின்றி ஆண்டிருக்கிறார்கள். தேங்காய்க்குக் கிடைத்த அந்த மதிப்பு அரளிக்கும் கிடைக்க வேண்டும்.

இதைவிட வலுவான சான்று பக்கத்து மொழியில் இருக்கிறது. பழைய கன்னடத்தில் மலர்வதற்கு ‘அலர்’ என்றே வினை உண்டு, தமிழில் உள்ளதுபோலவே. இன்றைய கன்னடத்தில் அது ‘அரளு’. பூ மலர்ந்தது என்பதற்கு அங்கே ‘ஹூவு அரளிது’ என்பார்கள். லகரமும் ரகரமும் இடம் மாறி, லகரம் ளகரமாகி நிற்கும் அதே மாற்றம். தமிழ் இந்த மாற்றத்தைச் செடியின் பெயரில் மட்டும் செய்தது; கன்னடம் வினைச்சொல்லிலேயே செய்துவிட்டது. ஒரே வேரில் ஒரே பக்கமாக இரண்டு மொழிகளின் நாக்கும் திரும்பியிருக்கும்போது அதை ஒருவருடைய உச்சரிப்புப் பிழை என்று எப்படிச் சொல்வது?

இங்கே ஓர் எச்சரிக்கை. பெங்களூருக்குப் போகும் தமிழர் ‘அரளிமர’ என்ற சொல்லைக் கேட்டால் செவ்வரளியைத் தேடக்கூடாது. கன்னடத்தில் அரளிமரம் என்பது அரச மரம். ஊர்நடுவில் அரசைச் சுற்றி மேடை கட்டிப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசும் இடம் ‘அரளிகட்டெ’. ஒலி ஒன்றே தவிர, நம் அரளிக்கும் அதற்கும் உறவில்லை.

இன்னொரு பொய்யுறவையும் விலக்கியாக வேண்டும். அரளுதல் என்றால் மிரளுதல். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிற பழமொழியில் இருப்பது அந்த வினை. நச்சுச்செடி என்பதால் கண்டவர் அரள்கிறார்கள், அதனால் அரளி என்று ஒருவர் விளக்கம் சொன்னால் கேட்கச் சுவையாகத்தான் இருக்கும். ஆனால் அலரி என்ற மூத்த வடிவம் குறுக்கே நிற்கிறது. அந்த வடிவில் மிரட்சி எதுவும் இல்லை.

அலரி வீட்டுப் பெயரானால், இதே செடிக்கு இலக்கியத்தில் வேறொரு பெயர் உண்டு: கணவிரம், அல்லது கணவீரம். உரைகாரர்கள் அதைச் செவ்வலரி என்று விளக்குவார்கள். அது வரும் இடங்களையெல்லாம் வரிசையாக வைத்துப் படித்தால் உடல் சிலிர்க்கும். அகநானூற்றின் 31ஆம் பாட்டில் மாமூலனார் பாலை வழியைக் காட்டுகிறார். ஆறலை கள்வரின் அம்புக்கு இரையானவர்கள் வழியெல்லாம் கிடக்கிறார்கள். அவர்கள் புண்ணிலிருந்து வழியும் குருதி கணவிர மாலை போட்டதுபோலத் தோன்றுகிறதாம். திருமுருகாற்றுப்படையில் மலைக் குறமகள் முருகனுக்கு வெறியாட்டுக் களம் அமைக்கும்போது கணவீர மாலையைத் தொங்கவிடுகிறாள். அங்கேயும் குருதியில் பிசைந்த தினை உண்டு. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், புகார் நகரத்து வீதியில் ஒரு பித்தன் வருகிறான். அவன் தோளில் கணவிர மாலையும் எருக்கம்பூ மாலையும். மணிமேகலையையும் தோழி சுதமதியையும் பார்க்கத் திரண்ட கூட்டத்தோடு அவனும் அந்தத் தெருவில் நம் கண்ணில் படுகிறான்.

குருதி, வெறியாட்டு, பித்து. பூவைக் குறித்த ஒரு சொல்லுக்கு இத்தனை கடுமை எங்கிருந்து வந்தது? சிவப்பு நிறம் ஒரு காரணம். ஆனால் செங்காந்தளும் சிவப்புத்தான், செம்முருக்கும் சிவப்புத்தான். கணவிரத்துக்கு இந்தியா முழுவதிலும் ஒரு தனி வேலை இருந்தது. கொலைத்தண்டனை பெற்றவனை ஊர்வலமாக இழுத்துப் போகும்போது அவன் கழுத்தில் போட்டது இந்தப் பூமாலையைத்தான். பாலி மொழியின் ஜாதகக் கதைகளில் ‘கணவேர ஜாதகம்’ என்றே ஒன்று உண்டு. காசி நகரில் பிடிபட்ட ஒரு கள்வனைச் செங்கணவேர மாலை சூட்டிக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அவனை மாடத்திலிருந்து பார்த்த சாமா என்ற கணிகை மனம் பறிகொடுக்கிறாள். சூத்திரகரின் மிருச்சகடிகத்தில் பொய்க்குற்றம் சுமத்தப்பட்ட சாருதத்தன் பத்தாம் அங்கத்தில் கொலைக்களத்துக்கு நடக்கும்போது அவன் கழுத்திலும் கரவீர மாலை. மாமூலனார் புண்ணின் குருதியைக் கணவிர மாலையோடு ஒப்பிட்டபோது இந்த வழக்கம் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. வெறும் நிற ஒப்புமைக்கு ‘மாலை இட்டதுபோல’ என்ற அந்தச் செயல் தேவையில்லை.

சொல்லின் உறவுமுறையும் அதே பக்கம் சாய்கிறது. சமஸ்கிருதத்தில் கரவீரம், பாலியில் கணவேரம், கணவீரம். சங்கப் புலவர்கள் எழுதியது ரகரத்தோடு அல்ல, ணகரத்தோடு. பௌத்தமும் சமணமும் வணிகமும் கொண்டுவந்த பிராகிருதப் பேச்சின் பக்கத்துச் சொல் இது. இந்திய மொழிகளையே இந்த ஓர் எழுத்தை வைத்து இரண்டாகப் பிரித்துவிடலாம். மராத்தியில் கண்ஹேர், இந்தியில் கனேர், சிங்களத்தில் கனேரு, தெலுங்கில் கன்னேரு, கன்னடத்தில் கணகிலே. இவையெல்லாம் ஒரு பக்கம். வங்கத்திலோ கரபி, ரகரம் பிழைத்திருக்கிறது. தாகூரின் ‘ரக்தகரபி’ நாடகத்தில் நந்தினி அணிந்து வருவது இந்தச் செவ்வரளியைத்தான்.

பிற்காலத்தில் சமஸ்கிருத வடிவம் தமிழுக்கு நேராகவும் வந்தது. திருவாரூர் பக்கத்தில் திருக்கரவீரம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. ஞானசம்பந்தர் பாடிய தலம், இறைவன் கரவீரநாதர், தலமரம் அலரி. மராட்டிய நாட்டில் கோலாப்பூருக்குக் கரவீரம் என்பது பழைய பெயர். இன்றும் அங்குள்ள வட்டத்தின் பெயர் கர்வீர். திருக்கரவீரத்தில் மட்டும் பெயரும் மரமும் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கின்றன. கோயில் பெயரில் கரவீரம், பிரகாரத்துச் செடியைக் கேட்டால் அலரி. வழிபாட்டு ஏட்டுக்கு ஒரு பெயரும் வாய்க்கு ஒரு பெயருமாக இரண்டும் பல நூற்றாண்டு ஒன்றாக வாழ்ந்திருக்கின்றன. கடைசியில் வாயில் இருந்ததே நிலைத்தது. இன்று யாரும் கணவிரம் வாங்கக் கடைக்குப் போவதில்லை.

தமிழ்ப்பெயரின் தனித்தன்மை பிற நாட்டுப் பெயர்களோடு வைத்துப் பார்த்தால்தான் முழுமையாகத் தெரியும். மனிதர்கள் இந்தச் செடிக்கு இரண்டு வழியில் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்று நஞ்சைப் பார்த்து. சமஸ்கிருதத்தில் கரவீரத்துக்கு ‘ஹயமாரகம்’, ‘அசுவமாரகம்’ என்றும் பெயர்கள் உண்டு, குதிரையைக் கொல்வது. பாரசீகத்தில் ‘கர்ஸஹ்ரா’, கழுதையின் பித்தம், கழுதைக்கு நஞ்சு. தாவரவியலார் இச்செடியை வைத்திருக்கும் குடும்பத்துக்கு அப்போசினேசி என்று பெயர். அதன் கிரேக்க வேரில் நாய் இருக்கிறது, நாயை அப்பால் விரட்டுவது என்று பொருள். குதிரை, கழுதை, நாய் மூன்றும் செத்துச் செத்து மனிதனுக்குப் பெயர் சொல்லிக் கொடுத்திருக்கின்றன.

இன்னொன்று சாயலைப் பார்த்து வைத்த பெயர். சீனத்தில் இதற்கு ஜியாசூதாவ்: இலை மூங்கில்போல, பூ பீச்சுப்பூப்போல. அதே எழுத்துகளை ஜப்பானியர் கியோச்சிகுதோ என்று வாசிக்கிறார்கள். 1945இல் அணுகுண்டு விழுந்து எரிந்த ஹிரோஷிமா மண்ணில் முதலில் பூத்தவற்றில் ஒன்று என்று போற்றி, 1973இல் அந்த மாநகரம் இதைத் தன் மலராக ஏற்றது. கிரேக்கரும் சீனரைப் போலவே செய்தார்கள்: ரோடோடாஃப்னே, அதாவது பூ ரோஜா, இலை லாரல். ரோடோடென்ட்ரான் என்றும் சொன்னார்கள், ரோஜா மரம். மூன்றாவதாக நேரியான் என்ற பெயரும் உண்டு. நீரோடு தொடர்புடைய சொல்லாகப் பலர் அதைக் கொள்கிறார்கள். மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் இந்தச் செடி காடாக வளர்வது கோடையில் வறண்டு கிடக்கும் ஓடைப் படுகைகளில்தான் என்பதால் அது பொருந்துகிறது.

முதல் நூற்றாண்டில் ரோமானியர் பிளினி இந்த மூன்று பெயர்களையும் எழுதிவிட்டு, இச்செடிக்கு லத்தீனில் ஒரு பெயர்கூட அமையவில்லை என்கிறார். ஆடுமாடுகளுக்கு நஞ்சு என்றும் சேர்த்துக்கொள்கிறார். அதன்பிறகு நடந்ததுதான் இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி. லத்தீனுக்குப் பெயர் இல்லாத குறையை மக்கள் தாங்களே தீர்த்துக்கொண்டார்கள். வாயில் நுழையாத ரோடோடென்ட்ரானை அவர்கள் லோரான்ட்ரம் ஆக்கினார்கள். ஏழாம் நூற்றாண்டில் செவில் நகரத்து ஆயர் இசிடோர், பாமரர் சிதைத்துச் சொல்வது இது என்று குறித்துவைத்தார். முதல் எழுத்துகளில் லாரல் மரத்தின் பெயர் ஒலித்ததால் அது நாவில் நின்றது. பிறகு ஒலிவ மரத்தைக் குறிக்கும் ‘ஒலெயா’ என்ற சொல்லின் சாயல் வந்து படிந்து, ஒலியாண்டர் ஆயிற்று. ரோஜா மரம் தன் ரோஜாவை இழந்து, லாரலாக மாறி, கடைசியில் ஒலிவ இலையோடு நிற்கிறது.

இசிடோர் வாழ்ந்த அதே ஸ்பெயினுக்குச் சில தலைமுறை கழித்து அரபு மொழி வந்தது. கிரேக்க டாஃப்னே ஏற்கெனவே அரபியில் திஃப்லா ஆகியிருந்தது. முன்னே ‘அல்’ சேர்ந்து, ஸ்பானியத்தில் அடெல்ஃபா ஆயிற்று. ஒரே நாட்டில் ஒரே செடிக்கு, ரோடோடென்ட்ரான் லத்தீன் வழியாகவும் டாஃப்னே அரபு வழியாகவும் வந்து சேர்ந்திருக்கின்றன. 1753இல் லின்னேயஸ் உலகுக்கெல்லாம் பொதுவாக நேரியம் ஒலியாண்டர் என்று எழுதியபோது, கிரேக்கப் பெயரையும் பாமரர் சிதைத்த பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார். செடியின் நஞ்சைப் பிரித்தெடுத்த வேதியியலாரும் அதற்கு ஒலியாண்ட்ரின் என்றே பெயர் வைத்தார்கள். இசிடோர் சிதைவு என்றது இன்று அறிவியலின் சொல். இதைப் படித்த பிறகு அரளியைக் கொச்சை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

வேலையிழந்த ரோடோடென்ட்ரான் என்ற சொல் பிறகு மலைச்செடி ஒன்றுக்குப் போயிற்று. நீலகிரியில் குளிர்காலத்தின் கடைசியில் செக்கச்செவேலெனப் பூக்கும் காட்டுப்பூவரசு அந்த இனம்தான்.

இத்தனை பெயர்களுக்கும் நடுவில் அலரியை வைத்துப் பாருங்கள். அதில் நஞ்சும் இல்லை, வேறொரு செடியின் சாயலும் இல்லை. நஞ்சு தமிழருக்குத் தெரியாமல் இல்லை. ஆடு கடிக்காத வேலி என்று நம் தோட்டக்காரர்கள் இதை நட்டதே அது தெரிந்ததால்தான். நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் மைல் கணக்கில் அரளி நிற்பதற்கும் அதுவே காரணம். மாடு மேயாது, புகையும் தூசியும் தாங்கும், தண்ணீர் லாரி ஒருவாரம் வராவிட்டாலும் வாடாது, எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கை மறைக்கும் அளவுக்கு அடர்ந்து வளரும், எப்போதும் பச்சை, எப்போதும் பூ. இதயத்தசையின் செல்களில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இடம் மாற்றும் நுண்பொறியை இதன் நஞ்சு நிறுத்திவிடும். துடிப்பின் தாளம் குலையும். இதயநோய்க்கு மருந்தாகும் டிகாக்சினின் உறவுப்பொருள் அது. அவ்வளவு கொடியதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் நம்மவர்கள் பெயர் சூட்டும்போது பூவைத்தான் பார்த்தார்கள்.

அதனால்தான் பூவும் தொழிலாயிற்று. சேலத்துக்குப் பக்கத்துப் பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் அரளி தோட்டப்பயிர். விரியுமுன் மொக்காகப் பறித்து எடைபோட்டு விற்கிறார்கள். வெள்ளை, மஞ்சள், ரோஸ், செவ்வரளி என்று நிறத்துக்கு ஒரு விலை. முருகனுக்கும் அம்மனுக்கும் போகும் செவ்வரளி மாலைகளைப் பார்க்கையில் குறமகளின் களம் என் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. கேரளத்திலோ 2024 மே மாதம், ஒரு மரணத்துக்கு அரளியே காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்ததைத் தொடர்ந்து, திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் நிவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்க்கக்கூடாது என்று முடிவெடுத்தது. பூசைக்கு விலக்கில்லை, மனிதர் வாய்க்கும் கைக்கும் போகும் பொருளில்தான் விலக்கு. அந்த எல்லை சரியான இடத்தில் போடப்பட்டிருக்கிறது.

இனி, பெயர் தாவிய கதைக்கு வருகிறேன். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பநாடுகளிலிருந்து இரண்டு செடிகள் கடல் கடந்து நம் பக்கம் வந்தன. ஒன்று புளுமேரியா. இன்னொன்று மணிபோலத் தொங்கும் மஞ்சள் பூவும் ஒடுங்கிய பளபளக்கும் இலையும் கொண்டது; அதன் பழைய தாவரப் பெயர் தெவெசியா. இரண்டு பெயர்களும் பிரெஞ்சுத் துறவிகளின் பெயர்கள். பதினாறாம் நூற்றாண்டில் பிரேசிலுக்குப் போய் வந்து எழுதிய ஆந்த்ரே தெவே ஒருவர். பதினேழாம் நூற்றாண்டில் கரீபியத் தீவுகளின் செடிகளை வரைந்த சார்ல் புளுமியே மற்றவர். ஐரோப்பா ஆளுக்கொரு துறவியைத் தேடிக்கொண்டிருக்கையில் தமிழ் இரண்டையும் பார்த்த உடனே உறவு சொல்லிவிட்டது. மஞ்சள் பூவுக்கு மஞ்சளரளி, பொன்னரளி. புளுமேரியாவுக்கு ஈழத்தலரி. இந்தக் கடைசிப் பெயர் தமிழ் அகராதியில் இருக்கிறது. மலையாளத்தில் அதே மரம் ஈழச்செம்பகம். மரம் நமக்கு இலங்கை வழியாக வந்தது என்ற நினைவு இரண்டு பெயரிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இங்கே வியக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த மூன்று செடிகளும் உண்மையிலேயே ஒரே குடும்பம், அப்போசினேசி. மூன்றிலும் மொட்டு முறுக்கிய துணிபோலச் சுருண்டிருந்து, ஐந்து இதழும் ஒரே பக்கமாகச் சாய்ந்து காற்றாடியாக விரியும். குடும்பம் வகுக்கும் நூல் எதுவும் கையில் இல்லாமல், மொட்டு அலரும் விதத்தையே பார்த்து இவை மூன்றும் அலரி என்றவர்கள் பூக்காரர்களும் தோட்டக்காரர்களுமாகத்தான் இருக்க வேண்டும். அவர்கள் பெயர் எங்கும் இல்லை. அவர்கள் கண்டது தவறவில்லை.

ஆனால் ஒரே பெயர் மூன்று செடியைச் சுமப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அது சொல்லாராய்ச்சியோடு முடிகிற ஆபத்து அல்ல. துயரச் செய்திகளில் வரும் ‘அரளி விதை’ பெரும்பாலும் செவ்வரளியின் விதை அல்ல, மஞ்சளரளியுடையது. 1980களிலிருந்து யாழ்ப்பாணத்திலும் பிறகு இலங்கையின் மற்றப் பகுதிகளிலும் மருத்துவர்கள் போராடிய அலரி நஞ்சும் இந்த மஞ்சளலரியே. செவ்வரளியும் நஞ்சுதான், உயிர்போக்கும் நஞ்சுதான். இருந்தாலும் எந்தச் செடி, எந்தப் பகுதி என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெறுமனே ‘அரளி’ என்றால் அந்தத் தெளிவு கிடைக்காது. நாளிதழ்களும் பள்ளிப் பாடநூல்களும் நிறத்தைச் சேர்த்து எழுத வேண்டும். அகராதிகள் அரளி என்ற ஒரே தலைப்பின் கீழ் மூன்றையும் கலக்காமல் எண்ணிட்டுப் பிரிக்க வேண்டும்.

மஞ்சள் பூவுடைய செவ்வரளி வகையும் இருப்பதால் நிறம்கூடச் சில நேரம் ஏமாற்றும். காயைப் பார்த்தால் ஏமாற வழியில்லை. செவ்வரளிக்குக் காய் விரல்நீளத்துக்கும் மேலான ஒல்லியான நெற்று. முற்றி வெடித்தால் மயிர்க்குஞ்சம் ஒட்டிய சிறுவிதைகள் காற்றில் போகும். மஞ்சளரளிக்குச் சதைப்பற்றான, பட்டைதட்டிய உருண்டைக் காய். பச்சையாக இருந்து கறுக்கும். உள்ளே கெட்டியான ஒற்றைக் கொட்டை இருக்கும்.